சீஸ் தரையைத் தேடி ஏழு நாள்

முதல் நாள்: ஸ்ட்ரோம்ஸ்டாட், ஸ்வீடன்

மதியம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தேன். கோத்தன்பர்க்கிலிருந்து வரும் ரயில் பாதை இந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் துறைமுகம், படகுகள், இறால் கடை. செப்டம்பர் கடைசி. நம் ஊர் மார்கழிக் குளிரைவிடக் கூடுதலான குளிர்.

கடற்பஞ்சைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டுத்தான் நாளைய பயணத்தைத் தொடங்க வேண்டும்.

நான் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சளி, சீழ், ரத்தம், சிறுநீர் என்று வருவதை அகார் தட்டில் தேய்த்து, மறுநாள் என்ன முளைத்திருக்கிறது, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. தட்டில் வைக்கும் ஒவ்வொரு மருந்து வில்லையைச் சுற்றியும் பாக்டீரியா வளராத ஒரு வெற்று வட்டம் விழும். 17 வருடத்துக்கு முன் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வட்டங்கள் பெரிது பெரிதாக இருந்தன. இப்போது பல தட்டுகளில் வில்லையின் ஓரம்வரை முளைத்துக் கிடக்கிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019இல் மட்டும் உலகம் முழுவதும் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று 2022இல் லான்செட் இதழில் ஒரு கணக்கு வந்தது. எனக்கு அந்தக் கணக்கு ஆச்சரியமாக இல்லை.

அப்புறம் அப்பா. அவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்த மூன்றாவது மாதம் மூட்டில் சீழ் பிடித்தது. வந்தது எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா. வான்கோமைசின் ஊசி வாரக்கணக்கில் ஏறியது. ஆனால் பாக்டீரியா உலோகத்தின் மேல் ஒட்டி, தன்னைச் சுற்றி வழவழப்பான கூழைச் சுரந்து, கூட்டமாகக் குடியேறிவிட்டது. உயிர்ப்படலம் என்போம். தண்ணீர்த் தொட்டியின் சுவரைத் தடவினால் வழுக்குமே, அதே சங்கதிதான். அதற்குள் மருந்து சரியாக வேலை செய்வதில்லை. கடைசியில் வைத்த மூட்டைக் கழற்றி எடுத்து, மாதங்கள் கழித்து வேறு வைத்தார்கள். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார்.

அந்த மாதங்களில் இரவுகளில் உட்கார்ந்து உயிர்ப்படலத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்படிக் கண்ணில் பட்டதுதான் டார்வினோலைடு. அண்டார்டிகாவில் பால்மர் ஆய்வு நிலையத்தை ஒட்டிய கடலில் டென்ட்ரில்லா மெம்ப்ரனோசா என்றொரு கடற்பஞ்சு வளர்கிறது. அதிலிருந்து சவுத் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் பில் பேக்கர் குழுவினர் ஒரு மூலக்கூறைப் பிரித்தெடுத்து 2016இல் வெளியிட்டார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. உயிர்ப்படலத்தில் அதைப் போட்டால் 98 சதவீதத்துக்கும் மேலான பாக்டீரியா செத்துப்போகிறது. இது ஆய்வகக் கிண்ணத்தில் நடந்தது, மருந்துக் கடைக்கு வந்ததில்லை. ஆனாலும் அன்று இரவு அந்த வரியை நான்கைந்து தடவை படித்தேன்.

அண்டார்டிகாவுக்கு நான் போக முடியாது. குளிர்கடல் பஞ்சுகளை ஆட்கள் வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கும் இன்னொரு கடல் இங்கே இருக்கிறது. அதனால் வந்தேன்.

இரண்டாம் நாள்: கோஸ்டர் ஃபியோர்ட்

காலை ஏழு மணிக்குப் படகு. மாணவர்கள் சிலரின் களப்பயிற்சிக்குப் போகும் படகில், தெரிந்தவர் ஒருவர் மூலமாக எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. பக்கத்திலேயே ஷேர்னோவில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வகம் 1960களிலிருந்து இருக்கிறது. இந்தக் கடலைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கே உட்கார்ந்தவர்கள் கண்டதுதான்.

கோஸ்டர் ஃபியோர்ட் என்பது தரைக்கும் கோஸ்டர் தீவுகளுக்கும் நடுவே ஓடும் நீளமான பள்ளம். ஆழமான இடத்தில் 247 மீட்டர், நம் மீனவர் கணக்கில் 135 பாகம். மேலே மிதப்பது பால்டிக்கிலிருந்து வரும் உப்புக் குறைந்த நீர். கீழே இருப்பது நார்வே ஆழ்பள்ளத்தின் வழியாக அட்லாண்டிக்கிலிருந்து வரும் முழு உப்புத் தண்ணீர், வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே குளிரில். நடுக்கடலின் ஆழத்தில் இருக்க வேண்டிய உயிர்கள் அதனால்தான் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வாழ்கின்றன. சுமார் 6000 கடலுயிர் வகைகள் இங்கே உண்டு. அதில் 200 வகை ஸ்வீடனில் வேறெங்கும் கிடையாது.

கேமரா பொருத்திய சின்ன வண்டியைக் கம்பியோடு இறக்கினார்கள். திரையில் முதலில் பச்சை, பிறகு கறுப்பு, அதில் பனி பெய்வதுபோல் துகள்கள். 90 மீட்டருக்குக் கீழே ஒரு பாறைச் சுவர் வந்தது. அதன் விளிம்பில் வெள்ளைப் பூசணிக்காய்களை யாரோ அடுக்கிவைத்த மாதிரி ஐந்தாறு உருண்டைகள்.

"ஜியோடியா" என்றார் கேமராவை ஓட்டிய பெண்.

ஜியோடியா பேரெட்டி. 1858இல் பெயர் வைக்கப்பட்ட கடற்பஞ்சு. பள்ளிக்கூடத்தில் துளையுடலிகள் என்று படித்தோமே, அந்த இனம். வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை. உடம்பு முழுக்க நுண்துளைகள் வழியே கடல்நீரை இழுத்து, அதிலிருக்கும் பாக்டீரியாவைச் சலித்துத் தின்றுவிட்டு, மேலே இருக்கும் பெரிய துளை வழியே வெளியே தள்ளுகிறது. ஒட்டிய இடத்தை விட்டு வாழ்நாளில் ஓர் அங்குலம் நகராது.

திரையில் எனக்கு முதலில் உறைத்தது அதன் சுத்தம். சுற்றியிருந்த பாறையில் குழாய்ப்புழு, சிப்பி என்று எது எதுவோ அப்பிக் கிடந்தது. ஜியோடியாவின் மேல்தோல் மட்டும் துடைத்துவைத்த தட்டு மாதிரி. கடலில் எதைப் போட்டாலும் சில மணி நேரத்தில் பாக்டீரியா படலம் ஏறும், அதன்மேல் பாசி, அப்புறம் சிப்பியும் கொட்டலசும். தூத்துக்குடியில் படகைக் கரையேற்றி அடியில் கொட்டலசு சுரண்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அசையாத இந்த உருண்டையின் மேல் ஏன் ஒன்றுகூட ஏறவில்லை?

இதே கேள்விதான் உப்சாலா பல்கலைக்கழகத்தில் லார்ஸ் போலினின் குழுவையும் இழுத்திருக்கிறது. இந்தப் பஞ்சிலிருந்து பேரெட்டின் என்ற மூலக்கூறை 1986இலேயே பிரித்துவிட்டார்கள். ட்ரிப்டோஃபான், ஆர்ஜினின் என்ற இரண்டே அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்திருக்கும், அதில் ஒரு புரோமின் அணு. கடல்நீரில் புரோமினுக்குப் பஞ்சமில்லை. 2004இல் கொட்டலசின் குஞ்சுகளை வைத்துச் சோதித்தபோதுதான் அதன் வேலை தெரிந்தது. ஒரு லிட்டரில் மில்லிகிராமுக்கும் குறைந்த அளவு கலந்தாலே குஞ்சுகள் ஒட்டுவதை நிறுத்திவிட்டன. எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த செய்தி: அந்தக் குஞ்சுகளை எடுத்து நல்ல தண்ணீரில் விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. கொல்லவில்லை, இங்கே உட்காராதே என்று மட்டும் சொல்லியிருக்கிறது. அந்தப் பஞ்சு பேரெட்டினோடு அதன் நெருங்கிய உறவான இன்னொரு மூலக்கூறையும் தண்ணீரில் விடுகிறது. இரண்டும் சேரும்போது தனித்தனியாகச் செய்வதைவிட அதிகமாக வேலை செய்கின்றன என்று 2011இல் காட்டினார்கள்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், கப்பலடியில் ஒட்டாமலிருக்க நாம் பூசிவந்தது ட்ரைபியூட்டைல்டின் என்ற நஞ்சு. துறைமுகங்களில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கும் அளவுக்கு அது கடலைக் கெடுத்தது. உலக அளவில் தடை அமலுக்கு வந்தது 2008இல். நமக்கு அவ்வளவு காலம் பிடித்த பாடத்தை இந்த உருண்டை எப்போதோ படித்து முடித்திருக்கிறது.

மதியம் அனுமதி பெற்று எடுத்த ஒரே ஒரு பஞ்சைத் தொட்டியில் வைத்துக் காட்டினார்கள். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். ஈரமான மெத்தையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கெட்டி ரப்பர் பந்து போல இருந்தது. எடுத்தபின் விரல் நுனியெல்லாம் ஊசி ஊசியாகக் குத்தியது. அதன் உடம்பைத் தாங்குவது சிலிக்காவாலான கண்ணாடி முட்கள். கையுறையைக் கழற்றாதீர்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், நான்தான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள்: சிட்கோஸ்டர் தீவு

ஸ்ட்ரோம்ஸ்டாட்டிலிருந்து படகில் வந்தேன். இந்தத் தீவில் கார் கிடையாது. சைக்கிள், இல்லையென்றால் முன்னால் சாமான் வைக்கப் பலகை கட்டிய மொபெட். ஒரு பாட்டி பேத்தியைப் பலகையில் உட்காரவைத்து ஓட்டிப்போனார்.

இந்தக் கடல் 2009இல் கோஸ்டர்ஹாவெட் என்ற பெயரில் ஸ்வீடனின் முதல் கடல் தேசியப் பூங்கா ஆனது. பூங்கா என்றதும் மீன்பிடி நின்றிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நேற்றுக்கூட எங்கள் படகைத் தாண்டி ஓர் இறால் படகு மடி வலையை இழுத்துக்கொண்டு போனது. பூங்கா வருவதற்கு முன்பே, 2000இல், இறால் மீனவர்களும் அரசும் ஆய்வாளர்களும் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். 60 மீட்டரைவிட ஆழங்குறைந்த பகுதியில் இழுவை மடி போடக்கூடாது. அதற்குக் கீழேயும் பவளமும் பஞ்சும் இருக்கும் இடங்களில் போடக்கூடாது. மற்ற இடங்களில் பிடித்துக்கொள்ளலாம்.

துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அறுபது வயதிருக்கும், நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசினார். அவருடைய அப்பா காலத்தில் பஞ்சு ஏறினால் திட்டிக்கொண்டே கடலில் தள்ளுவார்களாம். பிறகு ஆய்வகத்தில் மீனவர்களுக்கு வகுப்பு நடத்தியபோது கேமராவில் அடித்தரையைக் காட்டியிருக்கிறார்கள். "நாற்பது வருடம் நான் இழுத்த இடத்தை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நானும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மடி மட்டும் பகை இல்லை. இந்தப் பூங்காவை ஒட்டி நார்வே பக்கம் டிஸ்லர் என்ற பவளத்திட்டு இருக்கிறது. அங்கே 2006இலும் 2008இலும் ஜியோடியா பேரெட்டி கூட்டமாகச் செத்தது. இரண்டு தடவையும் அடிநீரின் வெப்பம் ஒரே நாளுக்குள் 4 டிகிரி போல ஏறியிருந்தது. சரி, சூடுதான் கொன்றது என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் ஆய்வகத் தொட்டியில் 5 டிகிரி கூட்டி இரண்டு வாரம் வைத்துப் பார்த்தபோது இதே பஞ்சு சாகவில்லை. மூச்சு வாங்கியது, ஆக்சிஜன் அதிகம் செலவழித்தது, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக் கூட்டம் கலையக்கூட இல்லை. அப்படியென்றால் கடலில் சூட்டோடு சேர்ந்து இன்னொன்றும் வந்திருக்கலாம். 2017இல் வந்த அந்த ஆய்வைப் படித்தபோது எங்கள் ஆய்வகம்தான் ஞாபகம் வந்தது. தட்டில் மருந்துக்கு அடங்கிய கிருமி நோயாளியின் உடம்பில் அடங்காமல் போவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

மாலையில் தங்கிய விடுதியின் அடுப்படியில் இருந்த பெண்மணி இறாலை வேகவைத்துக் குளிரவைத்து, ரொட்டி மேல் குவித்துக் கொடுத்தார். மிளகாய்த்தூள் இல்லாமல் இறால் இவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாது.

நான்காம் நாள்: ரயிலில்

ஸ்ட்ரோம்ஸ்டாட்டிலிருந்து பஸ்ஸில் ஆஸ்லோ, அங்கிருந்து பெர்கனுக்கு ஏழு மணி நேர ரயில். ஃபின்ஸே நிலையம் 1222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சுற்றிலும் பழைய பனி. விரலில் ஏறிய முட்களைப் பசைநாடாவால் ஒட்டி ஒட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் குறித்துவைக்கிறேன். வெப்பக் கடலில்தான் வேதியியல் ஆயுதம் அதிகம், துருவத்துப் பஞ்சுக்கு அது தேவைப்படாது என்று நீண்ட காலம் நம்பினார்கள். வெப்பக் கடலில் கடிக்க வரும் மீன்கள் அதிகம், குளிர்கடலில் குறைவு என்பது காரணம். ஜேம்ஸ் மெக்ளின்டாக் போன்ற கடல் உயிரியலாளர்கள் அண்டார்டிகாவின் மக்மர்டோவில், பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, பூச்சியத்துக்கும் கீழே இருக்கும் நீரில் குதித்துப் பஞ்சுகளை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே மீன் கடிக்காவிட்டால் நட்சத்திர மீன் மேய்கிறது. நிறையப் பஞ்சுகளிடம் நஞ்சும் கசப்பும் இருந்தன. குளிரில் ஒன்றும் கிடைக்காது என்று யாரும் இறங்காமலே இருந்திருந்தால் டார்வினோலைடு இல்லை.

ஐந்தாம் நாள்: பெர்கன்

மழை. இந்த ஊரில் வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள் மழைதானாம். குடையை விரித்தால் காற்று மடக்கிவிடுகிறது.

ஊருக்குத் தெற்கே கோர்ஸ் ஃபியோர்ட், 690 மீட்டர் ஆழம். அங்கேயும் ஜியோடியா உண்டு. பஸ்ஸில் போய்க் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தேன். மேலிருந்து பார்த்தால் மற்ற எந்தக் கடலையும் போலத்தான் இருக்கிறது.

ஃப்ரீடரிகே ஹோஃப்மன் என்ற ஆய்வாளர் ஜியோடியாவில் செய்த வேலையைத்தான் இன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் தலைமுடி போன்ற மெல்லிய உணர்கருவியை ஜியோடியாவின் உடம்புக்குள் செலுத்தி ஆக்சிஜனை அளந்தார். பஞ்சு நீரிறைப்பதை நிறுத்தினால், தோலிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே போனாலே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ஒரே உடம்புக்குள் காற்றுள்ள அறையும் காற்றில்லாத அறையும். இரண்டிலும் வேறு வேறு பாக்டீரியா குடித்தனம். சில வகைப் பஞ்சுகளில் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு பாக்டீரியாதான். யார் வீட்டில் யார் குடியிருக்கிறார் என்றே சொல்ல முடியாது.

இங்கேதான் எனக்கு உண்மையான வியப்பு. பாக்டீரியாவைத் தின்று வாழும் ஒரு உயிர், கோடிக்கணக்கான பாக்டீரியாவை உடம்புக்குள் தின்னாமல் வைத்துக்கொள்கிறது, வெளியிலிருந்து வருவதை அண்டவிடாமல் மருந்தும் விடுகிறது. நமக்கு இருப்பதுபோல் ரத்தமோ எதிர்ப்பொருளோ அதற்கு இல்லாமலேயே.

அந்த மருந்தைச் சமைப்பது பல நேரம் பஞ்சு இல்லை, குடியிருப்பவர்கள்தான். நியூசிலாந்தின் குளிர்நீரில் வளரும் மைக்காலே ஹென்ட்ஷெலியில் மூன்று வலிமையான மூலக்கூறுகள் உண்டு. மூன்றையும் வெவ்வேறு பாக்டீரியாக்கள் தயாரிக்கின்றன என்று 2020இல் மரபணுக்களைப் படித்துக் கண்டுபிடித்தார்கள். பால்டிக் கடலோரம் ஜெர்மனியின் கீல் நகரில், ஹாலிகோண்ட்ரியா பனிசியா என்ற சாதாரணப் பஞ்சிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசஸ் வகைப் பாக்டீரியா ஒன்றைப் பிரித்து வளர்த்தார்கள். அது மாயாமைசின் என்ற ஒன்றைச் சுரந்தது, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவையும் அது கட்டுப்படுத்தியது. மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசஸ்தான் நமக்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கொடுத்தது. அதே குடும்பம் கடலுக்கடியில் பஞ்சுக்குள்ளும் குடியிருந்திருக்கிறது.

இந்த ஊரில் பஞ்சுகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் பெயர் ஹான்ஸ் டூரே ராப். வட அட்லாண்டிக்கின் பஞ்சுத்தரைகளை ஆராய 2016இல் தொடங்கிய ஸ்பான்ஜெஸ் என்ற ஐரோப்பியத் திட்டத்தை நடத்தியவர். திட்டம் முடியுமுன் 2020 மார்ச்சில் காலமானார். பஞ்சுகள் அடர்ந்த கடலடிக்கு நார்வே மீனவர்கள் வைத்த பெயர் ஓஸ்டெபுன், சீஸ் தரை. வலையில் ஏறும் வெளிர்மஞ்சள் உருண்டைகள் சீஸ் கட்டிகளைப் போலத்தான் இருக்கும். கோஸ்டரில் தொட்டபோதே எனக்கும் அப்படித் தோன்றியது.

ஆறாம் நாள்: ட்ரோம்சோ

பெர்கனிலிருந்து இரண்டு மணி நேர விமானம். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே வந்துவிட்டேன். வெளிச்சம் நாள் முழுக்கச் சாய்ந்தே விழுகிறது.

இங்கே மார்பாங்க் என்றொரு தேசிய வங்கி இருக்கிறது. பணம் கிடையாது, கடலுயிர்கள். ஆய்வுக் கப்பல்கள் வடக்குக் கடல்களிலிருந்து எடுத்துவரும் பஞ்சு, கடற்குழல், நட்சத்திர மீன் எல்லாம் எங்கே, எத்தனை மீட்டரில், என்று எடுத்தது என்ற குறிப்போடு உறைகுளிரில் கிடக்கின்றன. அதிலிருந்து மருந்துக்கூறு தேடுவது பல்கலைக்கழகத்தின் மார்பியோ என்ற ஆய்வகம்.

வேலை நடக்கும் விதம் என் வேலைக்கு ரொம்பப் பக்கம். பஞ்சை உறையவைத்து உலர்த்தி, முதலில் தண்ணீரிலும் பிறகு கரைப்பானிலும் ஊறவைத்துச் சாறு இறக்குகிறார்கள். அந்தச் சாற்றைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் பாக்டீரியாவோடு சேர்த்துவைக்கிறார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலை, என்டரோகாக்கஸ், சூடோமோனாஸ், குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். நான் தினமும் பார்க்கும் முகங்கள். எந்தப் பங்கில் பாக்டீரியா வளரவில்லையோ அதை மறுபடி பிரித்து, அதிலும் வளராததை மறுபடி பிரித்து, கடைசியில் ஒற்றை மூலக்கூறுக்கு வருகிறார்கள். பாதி நேரம் அது வேறொருவர் முப்பது வருடத்துக்கு முன்பே எடுத்த மூலக்கூறாக இருக்கும்.

இயாந்தெலின் அப்படித்தான். ஸ்ட்ரிஃப்னஸ் ஃபோர்ட்டிஸ் என்பது சாம்பல்நிறப் பஞ்சு. அதன்மேல் பளீரென்ற மஞ்சளில் இன்னொரு பஞ்சு போர்த்திக் கிடக்கும். ஸ்ட்ரிஃப்னஸிலிருந்து எடுத்த மூலக்கூறான இயாந்தெலினைப் பார்த்தால், முன்பே வேறொரு கடலின் பஞ்சில் கண்டது. ஆனாலும் விடாமல் சோதித்தார்கள். படலம் போடும் கடல் பாக்டீரியாவை அது அடக்குகிறது, கொட்டலசு ஒட்டுவதையும் தடுக்கிறது என்று 2014இல் வெளியிட்டார்கள். ஜியோடியாவின் பேரெட்டினையும் இங்கே மறுபடி எடுத்துப் பார்த்து, அழற்சியைத் தணிக்கும் குணம் இருப்பதைக் கண்டார்கள்.

எனக்கு விளக்கிச் சொன்ன இளம் ஆய்வாளர் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கையில் கொடுத்தார். அடியில் உப்புக்கல் அளவு வெள்ளைப் பொடி. பல கிலோ பஞ்சிலிருந்து வந்தது என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நியூசிலாந்துக் கதை ஞாபகம் வந்தது. ஹாலிகோண்ட்ரின் பி என்ற புற்றுநோய்க்கெதிரான மூலக்கூறை ஜப்பானியப் பஞ்சு ஒன்றில் 1986இல் கண்டார்கள். சோதனைக்குக்கூடப் போதுமான அளவு கிடைக்கவில்லை. நியூசிலாந்தின் கைகோரா கடலில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் இன்னொரு பஞ்சில் அது இருப்பது தெரிந்து, ஒரு டன் வாரினார்கள். ஆயிரம் கிலோ பஞ்சுக்குக் கிடைத்தது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. ஹார்வர்டில் யோஷிதோ கிஷி 1992இல் அதை ஆய்வகத்தில் அணு அணுவாகக் கட்டிக் காட்டினார். அப்போது தெரிந்தது, மூலக்கூறின் பாதியே போதும் என்று. அந்தப் பாதிதான் எரிபுலின், 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. பஞ்சிடமிருந்து நாம் வாங்க வேண்டியது சமையல் குறிப்பை மட்டும்தான். அதற்கு உள்ளங்கை அளவு துண்டு போதும். டன் கணக்கில் வாருவதை மருந்தின் பேரில்கூட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டார்வினோலைடின் வெற்றி ஸ்டெஃபைலோகாக்கஸின் மேல். எங்கள் தட்டில் இன்று என்னைப் பயமுறுத்துவது கிளெப்சியெல்லாவும் அசினெட்டோபாக்டரும். அவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு, பெரும்பாலான மூலக்கூறுகள் அதைத் தாண்டுவதில்லை. அந்த ஆய்வாளரிடம் கேட்டேன். "அதைத்தான் தேடுகிறோம்" என்று சாறு நிரம்பிய தட்டுகள் அடுக்கிய உறைபெட்டியைக் காட்டினார். ஒவ்வொரு தட்டிலும் 96 குழிகள்.

ஏழாம் நாள்: ட்ரோம்சோ

காலையில் ஓர் ஈழத்தமிழர் வீட்டில் சாப்பாடு. என்னோடு வேலை பார்ப்பவரின் உறவினருக்குத் தெரிந்தவர். 1986இல் வந்து, வடக்கே ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலையில் இருபது வருடம் மீன் வெட்டியவர். அந்தக் கரையோர ஆலைகளில் அப்போது நிறையத் தமிழர்கள் இருந்திருக்கிறார்கள். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் சிரித்தார்.

"உந்தப் பஞ்சோ, பிள்ளை? ட்ரோலர்காரர் திட்டித் தீர்ப்பினம். வலையில ஓஸ்ட் ஏறினா அண்டைக்கு மீன் இல்லை, கைகடியும் தோள்நோவும்தான் மிச்சம் எண்டு சொல்லுவினம். டன் கணக்கில ஏறுமாம். சவளால அள்ளிக் கடலில கொட்டிப்போட்டு அடுத்த இழுவைக்குப் போவினம். அதுக்குள்ள மருந்து இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

இந்த ஊருக்கு வடக்கே ட்ரோம்சோஃப்ளாகெட் என்ற கடல்மேடு, பஞ்சுகள் அடர்ந்தது. 2005இலிருந்து நார்வேயின் கடலடியை வரைந்துவரும் மாரெயானோ திட்டத்தின் கேமராக்கள் அங்கே பஞ்சுத்தரையையும் பார்த்தன, அதை உழுத மடித்தடங்களையும் பார்த்தன. அந்தத் தடம் ஆற எவ்வளவு காலமாகும் என்பதற்கு இன்னும் வடக்கே ஒரு குறிப்பு கிடைக்கிறது. 2016இல் போலார்ஷ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல் வடதுருவத்துக்குப் பக்கத்தில், நிரந்தரப் பனிக்கு அடியில், ஒரு கடல்மலை முழுக்க ஜியோடியாக்களைக் கண்டது. உணவே இல்லாத இடம். எப்போதோ செத்துப்போன குழாய்ப்புழுக்களின் மிச்சத்தை, உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியாவின் உதவியோடு தின்று வாழ்கின்றன. சராசரி வயது 300. நம் கட்டபொம்மன் காலத்துக்கும் முன்பே ஒட்டிய இடத்தில் இன்னும் இருக்கின்றன.

அதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முந்நூறு வரியமோ" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்.

விடுதிக்குத் திரும்பியதும் அப்பா அழைத்தார்.

"அதத் தொட்டுப் பாத்தியா தாயி?"

"பாத்தேன்ப்பா. ரப்பர் பந்து மாதிரி இருந்துச்சு. வெரல்ல கண்ணாடி முள்ளு ஏறிருச்சு."

"எடுத்துட்டியா?"

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. நகத்து ஓரமா இருக்கு, வர மாட்டேங்குது."

"மெழுக உருக்கி, சூடு கொறஞ்சதும் மேல ஊத்து. காஞ்சப்புறம் உரிச்சா கூடவே வந்துரும்."

இங்கே எல்லா ஜன்னலிலும் மெழுகுவர்த்தி வைத்திருக்கிறார்கள். வரவேற்பறையில் ஒன்று கேட்டு வாங்கிவந்து, இப்போதுதான் பற்றவைத்தேன்.